நிலத்தரகுத் தொழிலும் தினசரி ஒழுங்கும்

(சதுரங்கப்பட்டினத்தில் கூடிய நம் சங்கத்து வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிலத்தரகுத் தொழிலிற் புதிதாய்ப் புகும் நம் வாலிபர்கள் பழகிக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் யாவை என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் புலவருமல்லேம், சட்டம் பயின்ற வக்கீலுமல்லேம். இக்கடற்கரையில் நெடுநாளாக நிலம் காட்டியும், பத்திரம் புரட்டியும், சில வேளை தவறியும், தவறியதற்கு வெட்கியும் நாட்கழித்தவர் என்பதே எமக்குள்ள தகுதி. ஆதலின் அறிந்ததைச் சொல்லுகின்றோம், குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்ற நாள் முதலாக மாமல்லபுரத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரையில் நிலத்தின் விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரியாததன்று. நம் குடும்பங்களிற் பட்டம் பெற்றும் உத்தியோகம் வாய்க்காத பிள்ளைகள் பலர் இத்தொழிலை நாடுகின்றனர். இதற்குக் கடை வாடகை வேண்டா, சரக்கு வேண்டா; ஒரு கைப்பேசியும் ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தாற் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். முதலின்றித் தொடங்கக்கூடிய தொழில் என்று இதனைச் சொல்லுவாரும் உளர். யாம் அதனை ஒப்போம். இதற்கும் முதல் உண்டு. அது நாடோறும் தவறாது செய்யும் ஒழுங்கு. அம்முதல் இல்லாதவன் பிறருடைய ஆயுட்காலச் சேமிப்பை முதலாக வைத்துச் சூதாடுகின்றான் என்றே சொல்லவேண்டும்.

தரகு இவ்வூருக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இங்கு வந்து வாணிகம் நடத்தியதும், இவ்வூர் மஸ்லின் துணி கடல் கடந்து சென்றதும், பின்னர் 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இவ்விடம் ஆங்கிலேயர் கைப்பட்டதும் சரித்திரம் கண்டவை. சோழமண்டலக் கரையில் அக்கும்பினியார் நெசவாளரிடம் நேரே சென்று துணி வாங்கியது அரிது; நம் நாட்டு வணிகர் இடைநின்று, முன்பணம் பெற்று, தறிக்காரருக்குப் பகிர்ந்து, மாதிரிக்கு ஒத்த துணியைக் கொண்டுவந்து ஒப்புவித்தனர். மாதிரிக்கு ஒவ்வாத துணியைத் திருப்பிவிடலாம். நிலத்துக்கோ அவ்வசதி இல்லை. வாங்குவோன் ஒருமணி நேரம் நின்று பார்க்கின்றான். அதன் உண்மைக் குணமோ பழைய பத்திரங்களிலும் வருங்கால மழையிலும் மறைந்து கிடக்கின்றது. ஆகவே துணித்தரகனைக் காட்டிலும் நிலத்தரகனுக்குப் பொறுப்பு மிகுதி.

இதனை யாம் ஏட்டிற் கற்கவில்லை. பிழை செய்து கற்றோம். அப்பிழையை இவ்வவையில் மறையாது கூறுதலே முறை.

தொழிலிற் புகுந்த இரண்டாம் ஆண்டில், வெளியூரில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எம்மிடம் வந்தார். சொந்த ஊர்ப்பக்கம் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு தம் மனைவியாருடன் காலங்கழிக்க விரும்பினார். பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மேற்கே 6 சென்ட் மனை ஒன்றைச் சித்திரை மாதத்தில் அவருக்குக் காட்டினோம். தரை கட்டாந்தரையாய்க் காய்ந்து கிடந்தது. காற்றும் இனிதாய் வீசிற்று. பத்திரங்கள் சரியாகவே இருந்தன. வைகாசியில் கிரயம் முடிந்தது. தரகும் கைக்கு வந்தது. கார்த்திகையில் அவர் எம்மை அழைத்தார். சென்று பார்த்தோம். முழங்கால் அளவு தண்ணீரில் அவர் நட்ட தென்னங்கன்றுகளின் குருத்து மட்டும் தெரிந்தது. அவர் கோபிக்கவில்லை. "தம்பி, இந்த நிலத்தை நீங்கள் மழைக்காலத்தில் பார்த்திருக்கிறீர்களா?" என்று மாத்திரம் கேட்டார். யாம் விடையின்றி நின்றோம். அருகே மாடு ஓட்டிச்சென்ற ஒரு மூதாட்டி, "ஐப்பசி பிறந்தால் எங்கள் மாடுகூட இந்தப் பக்கம் வராதே, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்! யாம் கேட்கவில்லை. பொய் சொன்னோமா என்றால் இல்லை. வஞ்சித்தோமா என்றால் அதுவுமில்லை. கேட்கும் வழக்கம் எம்மிடம் இல்லை, அவ்வளவே. ஆயினும் அவருக்கு விளைந்த நட்டம் வஞ்சகனால் விளையும் நட்டத்தினும் குறைந்ததா? பெற்ற தரகை மூன்று தவணையாகத் திருப்பிக் கொடுத்தோம். அவர் எண்ணி வாங்கிக்கொண்டு ரசீதும் எழுதிக் கொடுத்தார். மண் கொட்டி மனையை மேடாக்க அவருக்கான செலவையோ எம்மால் ஈடுசெய்ய இயலவில்லை. நல்லெண்ணம் மட்டும் இருந்தாற் போதாது, அது நாட்பழக்கமாக உறைந்திருக்க வேண்டும் என்பதை அன்று அறிந்தோம். அதன்பின் யாம் மேற்கொண்ட ஒழுங்குகளை வரிசையாகக் கூறுகின்றோம்.

முதலாவது, காலையில் ஏடு பார்த்தல். ஒரு நிலத்தை மற்றொருவருக்குக் காட்டுமுன் அதன் ஏடுகளை நாம் கண்டிருக்க வேண்டும். காலையில் ஒருமணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, அந்நேரத்தில் கைப்பேசியை எடுக்காதிருத்தல் நலம். மூலப் பத்திரம் முதல் இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய தொடர் அறுபடாமல் இருக்கின்றதா? குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்றில் அடமானமோ, முந்திய உடன்படிக்கையோ, பாகப்பிரிவினையோ காணப்படுகின்றதா? பட்டாவிலுள்ள பெயரும் பத்திரத்திலுள்ள பெயரும் ஒன்றா? இறந்தவர் பெயரில் பட்டா இருப்பின் வாரிசுகள் எத்தனை பேர், அவருட் பெண்மக்களும் கையொப்பமிட இசைந்தனரா? புல வரைபடத்திலுள்ள நீள அகலமும் தரையிலுள்ள நீள அகலமும் ஒத்தனவா? இவற்றை ஒரே வரிசையில், ஒரே தாளில், நாடோறும் குறித்துவரின் ஆறு மாதத்தில் கண் தானே பழகிவிடும். கர்ணத்தைக் கண்டு கேட்டாலொழிய ஒன்றும் தெரியாத காலம் 1980ஆம் ஆண்டில் அப்பரம்பரைப் பதவி ஒழிந்ததோடு போயிற்று. இன்று பட்டாவையும் வில்லங்கத்தையும் வீட்டிலிருந்தே கணினியிற் பார்க்கலாம். பார்க்காதிருப்பதற்குச் சாக்கு இல்லை.

அளவையிலும் ஒழுங்கு வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் எனக் காணும். ஊரார் சென்ட் என்பர். சென்னையிலிருந்து வருவோர் கிரவுண்டு என்பர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அஃதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். வாய்க்கணக்காகச் சொல்லி அரை சென்ட் பிசகினால் அது நமக்கு ஒரு சொற்பிழை. வாங்கினவனுக்கோ ஓர் அறை குறைவு. எனவே எவ்வளவையிற் பேசினும் சதுர அடியில் எழுதிக் காட்டுதலை வழக்கமாக்குக.

இக்கரைக்கே உரிய சில சோதனைகளும் உள. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிறந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பெற்றது. அலையேற்றக் கோட்டிலிருந்து குறித்த தொலைவுக்குள் கட்டடம் எழுப்ப அது தடையும் வரம்பும் விதிக்கின்றது. கடலேற்றம் புகும் உப்பங்கழி ஓரங்களுக்கும் அது செல்லும். கடல் தெரியும் மனை என்று புகழ்ந்து விற்றுவிடலாம். வாங்கினவர் அங்கே வீடு கட்ட முடியாதென்று பின்னர் அறிவாராயின் அவர் வாங்கியது மனையன்று, மணல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிற் செய்த அழிவைக் கண்ட நாம் அவ்விதியை வெறுந்தொல்லையாகக் கருதலாகாது. மற்றொன்று, நம்மூர் டச்சுக் கோட்டையும் மாமல்லபுரத்துக் கோயில்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ளவை. 2010இல் திருத்தப்பெற்ற சட்டப்படி அத்தகைய சின்னங்களைச் சூழ 100 மீட்டர் வரை புதிய கட்டடத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டல் வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சூழ்ந்த பகுதியிலும் குடிப்பெருக்கத்தை வரம்புசெய்யும் விதிகள் உண்டு. இவற்றை வாங்குவோன் கேட்டபின் சொல்லுதல் தரகன் கடமையன்று; கேட்குமுன் சொல்லுதலே கடமை.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பற்றியும் எச்சரிக்கின்றோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடைவிதித்தபோது, எத்தனை குடும்பங்கள் விற்கவும் மாட்டாமல் கட்டவும் மாட்டாமல் திகைத்தன! 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசாங்கம் விதிகள் வகுத்தது. அத்திகைப்புக்கெல்லாம் காரணம், விற்ற நாளில் தரகர் ஒருவராவது "அங்கீகார எண் எங்கே?" என்று கேளாமை அன்றோ?

இன்னுமொன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். 1891ஆம் ஆண்டில் நம் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் என்பவர், இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் துயர நிலையை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை விடுத்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த உத்தரவின் வழியே அம்மக்களுக்கு வழங்கப்பெற்றவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டு வரையில் அவற்றைக் கைமாற்றலாகாது. அதன்பின்னரும் அவ்வகுப்பினருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. ஆயினும் அந்நிலங்கள் பல பிறர் கைப்பட்டமை நாடறிந்தது. எழுதப்படிக்க அறியாத குடியானவனுக்கும் பணமுடையவனுக்கும் இடையே அன்றும் ஒரு தரகன் நின்றிருப்பான் என்பதை மறவாதீர். கிராமத்து 'அ' பதிவேட்டை ஒருமுறை புரட்டினால் அந்நிலத்தின் தன்மை விளங்கும். அதனைப் புரட்டாமல் தரகு பேசுவோன் சட்டத்துக்கு மட்டுமன்று, மற்றொரு சமூகத்தின் வயிற்றுக்கும் பாதகம் செய்கின்றான். நம் சமூகம் முன்னேற வேண்டும் என்பதற்காகவே கூடியிருக்கின்றோம். பிற சமூகத்தாரின் பங்கைப் பறித்து முன்னேறுவது முன்னேற்றமாகாது.

இரண்டாவது, தரையில் நடத்தல். ஒரு நிலத்தை மும்முறை பாராமல் பிறருக்குக் காட்டுவதில்லை என்று விரதங்கொள்க. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை. மழைக்காலம் வருமுன் காட்ட நேர்ந்தால், அக்கம்பக்கத்தார் மூவரையேனும் தண்ணீர் எவ்வளவு நிற்கும், எத்தனை நாள் நிற்கும், எவ்வழி வடியும் என்று கேட்டு எழுதிக்கொள்க. மாடு மேய்ப்போர், வலைஞர், கூலிக்கு நாற்று நடும் பெண்கள் ஆகிய இவர்கள் அறிந்ததை எந்தப் பதிவேடும் அறியாது. நான்கு எல்லைக்கல்லையும் காலால் தொட்டுப் பாருங்கள். பாதை பொதுப்பாதையா, பிறர் பட்டாவின் மேற் செல்லும் தயவுப் பாதையா என்பதை உசாவுங்கள். கிணற்று நீரை வாயிலிட்டுப் பாருங்கள். கடலோரத்தில் இனிப்பும் உப்பும் ஒரு வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக இருப்பதுண்டு.

மூன்றாவது, மாலையில் நாட்குறிப்பு எழுதுதல். விளக்கேற்றும் வேளைக்குள் அன்று வந்த அழைப்புகளுக்கெல்லாம் மறுமொழி கூறிவிடுக. "இன்னும் தெரியவில்லை, நாளை சொல்லுகிறேன்" என்பதும் மறுமொழியே. பின்பு எவரைக் கண்டோம், எந்நிலத்தைக் காட்டினோம், என்ன விலை சொன்னோம், எதனைச் செய்வதாக வாக்களித்தோம் என்பவற்றை எழுதுக. மனிதன் நினைவு தனக்குச் சாதகமாகவே நினைக்கும். ஏடு அவ்வாறு செய்யாது. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டமும் முகவர் கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்துக் காத்துவரவேண்டும் என விதிக்கின்றது. அச்சட்டத்தின்கீழ் வரும் மனைத்திட்டங்களில் விற்பனைக்குத் துணைசெய்ய விழைவோர் முன்னதாகவே தமிழ்நாட்டு ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். திட்டமும் பதிவுபெற்றதாயிருத்தல் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை தண்டம் ஏறலாம். பதிவின்றித் தொடங்கிப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் வாலிபர் எவரும் எண்ணற்க.

நான்காவது, பணவொழுங்கு. அச்சாரப் பணத்தை நம் கையில் வாங்கி ஓரிரவும் வைத்திருத்தல் ஆகாது. வாங்குவோரிடமிருந்து விற்போருக்கு நேரே, வங்கி வழியாக, எழுத்தோடு செல்லட்டும். தரகு எவ்வளவு, யார் தருவர், எப்போது தருவர் என்பதை நிலம் காட்டு முன்னரே சொல்லிவிடுக. இருபுறமும் வாங்குவதாயின் இருபுறத்துக்கும் அது தெரியட்டும். உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் ஏற்றிச் சொல்லி, இடைத்தொகையை மறைவாய்க் கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அதைத் திறமை என்பார் பலர். திருவள்ளுவர் வணிகருக்குரிய நெறியை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததன் கருத்தை அவர்கள் சிந்திப்பாராக. மேலும், இத்தொழிலில் ஒரு மாதம் பெய்யும், ஐந்து மாதம் காயும். வந்த தரகில் மூன்றிலொரு பங்கைக் காய்ச்சலுக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்குக. வீட்டில் அரிசியில்லாத நாளிலேதான் தரகன் முதற்பொய் சொல்லுகின்றான். ஆதலின் சேமிப்பும் ஒழுக்கத்தின் காவலே.

ஐந்தாவது, குறையை முதலிற் சொல்லுதல். இது எல்லாவற்றினும் கடினமானது. நிலத்தின் நலத்தை வாங்குவோன் தானே காண்பான். குறையைக் காட்டவே தரகன் வேண்டும். வண்டியிலிருந்து இறங்குமுன் குறையைச் சொல்லிவிடும் பழக்கத்தைக் கைக்கொள்க. இறங்கியபின் அவர் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டுவிட்டால் நாவு எழாது.

"இவ்வாறெல்லாம் இருந்தால் பிழைக்க முடியுமா?" என்று வாலிபர் சிலர் புன்னகை செய்வது எமக்குத் தெரிகின்றது. அதற்கும் உண்மையே கூறுவோம். சில வியாபாரம் கைநழுவும். எம் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில், கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டு நின்ற ஒருவரிடம், அந்நிலத்துக்குப் பாதையில்லை என்பதைச் சொன்னோம். அவர் நன்றி சொல்லிப் போனார், மீண்டு வரவில்லை, வேறெவரையும் அனுப்பவுமில்லை. கட்டணத்துக்குக் கடன் வாங்கினோம். நேர்மைக்கு உடனே கைமேற் பலன் கிட்டும் என்று யாம் சொன்னால் அதுவும் ஒரு தரகன் பேச்சாகிவிடும். ஆனால் இதையும் எண்ணுக: நாம் விற்றுவிட்டு ஓடிப்போகும் ஊர் அன்று இது. நம்மிடம் வாங்கினவரை நாளைக் காலை கடைத்தெருவிற் காண்போம். திருக்கழுக்குன்றத்துத் தேரில் காண்போம். கலியாணப் பந்தியில் பக்கத்து இலையில் காண்போம். அவர் முகத்தை நேரே நோக்கி நலம் விசாரிக்க வேண்டுமாயின், விற்ற நாளில் நாம் சொன்னது முழுவதும் மெய்யாயிருத்தல் வேண்டும். தரகர் என்று கேட்டதும் கதவைச் சாத்துவோரும், பெண் கொடுக்கத் தயங்குவோரும் இன்றும் உளர். அத்தயக்கத்தை மேடைப் பேச்சு நீக்காது. நாம் ஒவ்வொருவரும் முடித்துவைக்கும் கிரயமே நீக்கும்.

புதிதாய் வந்தோர் முதலாண்டில் மனந்தளர்வது இயல்பு. ஆறு மாதம் ஒரு கிரயமும் முடியாமற் போகலாம். தரகை எண்ணாமல், இவ்வாரம் எத்தனை ஏடு பார்த்தோம், எத்தனை புலம் நடந்தோம், எத்தனை பேருக்குச் சொன்னபடி மறுமொழி தந்தோம் என்பவற்றை எண்ணுங்கள். முன்னது பிறர் கையில். பின்னது நம் கையில்.

சங்கத்துப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தொழிலிற் பழகியோர் ஆளுக்கொரு வாலிபரையோ இளம்பெண்ணையோ ஓராண்டு உடன்வைத்துப் பழக்குவாராக. சங்க வாசகசாலையில் மாதிரிப் பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, உடன்படிக்கை ஆகியவற்றைப் பெயர் மறைத்து ஒரு கட்டாக வைத்து, ஞாயிறுதோறும் படித்துக்காட்ட ஏற்பாடு செய்வாராக. செலவு சிறிது, பயன் பெரிது.

அந்தப் பெரியவர் எழுதித்தந்த ரசீது இன்றும் எம் நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் இருக்கின்றது. புதியதொரு நிலத்தைக் காட்டப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் அதனை ஒருமுறை பார்த்துவிட்டே புறப்படுகின்றோம். உங்களில் எவருக்கும் அத்தகைய ரசீது ஒன்று வேண்டியிராதபடி, பிறர் பிழையிலிருந்தே கற்றுக்கொள்வீர்களாக.